பேசாமல் பார்க்கும் பிள்ளையை ஆடிப்பாடும் படத்துக்கு அழைத்துப் போகலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு 3 வயது 4 மாதம். வீட்டில் தமிழ் மட்டும்தான். இங்கிலாந்தில் நர்சரியில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. ‘எழுந்து நில்லுங்க, கை தட்டுங்க, கூடச் சேர்ந்து பாடுங்க’ என்று திரையிலிருந்தே குழந்தைகளைக் கூப்பிடும் ஒரு மணி நேரக் கார்ட்டூன் படம் உங்கள் ஊர்த் திரையரங்குக்கு வருகிறது. அழைத்துப் போகலாமா, வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிறபோக்கில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறீர்கள். டிவியில் அந்தக் கார்ட்டூன் பாத்திரங்கள் கேள்வி கேட்டால் அவள் பதிலே சொல்வதில்லை, வெறித்துப் பார்க்கிறாள். அங்கே எல்லாப் பிள்ளைகளும் ஆடும்போது இவள் மட்டும் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தால் அது ஏதாவது குறையின் அடையாளமா என்று. உங்களை உறுத்துவது இந்த இரண்டாவது கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். டிக்கெட், இருக்கை, சத்தம் எல்லாம் பிறகு.

நான் பேச்சு–மொழிப் பயிற்சியாளர். சென்னையில் படித்தேன். 17 ஆண்டுகளாக இந்த நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு வேலை செய்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி. உங்கள் மகளை நான் பார்த்ததில்லை. பார்க்காத குழந்தையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததைச் சொல்ல முடியும். உறுதியில்லாததை உறுதியில்லை என்றே சொல்கிறேன்.

உறுதியாகத் தெரிந்த முதல் விஷயம் இது. திரை கேள்வி கேட்டதும் பதில் சொல்வது ஒரு பழக்கம். அது முதல் தடவையிலேயே வராது. அமெரிக்காவில் 1996-இல் தொடங்கிய ‘ப்ளூஸ் க்ளூஸ்’ என்ற பாலர் நிகழ்ச்சியில், நிகழ்ச்சி நடத்துபவர் கேள்வி கேட்டுவிட்டு, வீட்டிலிருக்கும் குழந்தை பதில் சொல்லட்டும் என்று சில விநாடி சும்மா நிற்பார். ஒரே அத்தியாயத்தைத் திங்கள் முதல் வெள்ளிவரை தினமும் ஒளிபரப்பினார்கள். அந்த நிகழ்ச்சியை வைத்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் சிலருக்கு ஒரே அத்தியாயத்தை ஐந்து நாள் தொடர்ந்து போட்டுக் காட்டினார்கள். முதல் நாள் பெரும்பாலும் உட்கார்ந்து கவனித்த பிள்ளைகள், நாள் போகப்போகக் கூடுதலாக வாய் திறந்தார்கள், கை நீட்டிக் காட்டினார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். முதல் தடவை பார்க்கும்போது மூளையின் வேலையெல்லாம் ‘என்ன நடக்கிறது’ என்று பின்தொடர்வதிலேயே செலவாகிவிடும். கதை தெரிந்த பிறகுதான் பதில் சொல்ல இடம் கிடைக்கும். நீங்கள் ‘வெறித்துப் பார்க்கிறாள்’ என்று எழுதியதை நான் ‘வேலை செய்துகொண்டிருக்கிறாள்’ என்று படிக்கிறேன். திரையரங்கில் அவள் பார்க்கப்போவது புதுப் படம், புது இடம், இருட்டு, கூட்டம், அரைகுறையாகப் புரியும் மொழி. இத்தனையும் ஒன்றாக வரும்போது அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இந்த வகைப் படங்கள் ஏதோ புது வித்தை என்று நினைக்க வேண்டாம். நம் வீடுகளில் பாட்டி கதை சொல்லும்போது ‘உம் கொட்டு, இல்லாட்டி கதை நின்னுடும்’ என்பார்களே, அதேதான். கதை சொல்பவருக்கு எதிரில் ஒரு ‘உம்’ வேண்டும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவதும் அந்த ‘உம்’முக்காகத்தான். லண்டனில் 1904 டிசம்பரில் ‘பீட்டர் பான்’ நாடகம் முதன்முதலில் அரங்கேறியபோது, தேவதைகளை நம்புகிறவர்கள் கை தட்டுங்கள் என்று மேடையிலிருந்து கேட்கும் கட்டம் அதில் இருந்தது. ஒருவேளை யாருமே தட்டாவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, வாத்தியக்காரர்களை முதலில் தட்டச் சொல்லி ஏற்பாடு செய்துவைத்திருந்தார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய அந்த ஏற்பாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அதற்குள் இருக்கும் அறிவு. கூப்பிட்டால் மட்டும் போதாது. பக்கத்தில் யாராவது முதலில் தட்ட வேண்டும்.

பாட்டி கதைக்கும் திரைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. குழந்தை ‘உம்’ கொட்டாவிட்டால் பாட்டி நிறுத்துவார், கன்னத்தைத் தொட்டு எழுப்புவார், கதையை வேறு பக்கம் திருப்புவார். திரை அப்படி எதுவும் செய்யாது. பிள்ளை பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் மூன்று விநாடி கழித்து ‘சபாஷ்!’ என்றுதான் சொல்லும். இரண்டு வயதிலிருந்து இரண்டரை வயதுவரையிலான பிள்ளைகளை வைத்து 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. புதிய வினைச்சொற்களை நேரில் ஒருவர் சொல்லிக்கொடுத்தபோது கற்றுக்கொண்டார்கள். வீடியோ அழைப்பில், எதிரில் இருப்பவர் குழந்தையின் பதிலுக்கு ஏற்பப் பேசியபோதும் கற்றுக்கொண்டார்கள். முன்கூட்டியே பதிவுசெய்த வீடியோவில் அதே விஷயத்தைக் காட்டியபோது கற்கவில்லை. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள், ஆகவே அந்த முடிவை அப்படியே அவள்மீது ஏற்ற முடியாது. ஆனாலும் ‘பங்கேற்கும் படம்’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை வைத்து, இதனால் அவளுக்கு ஆங்கிலப் பேச்சு வளரும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். அப்படி நடக்கும் என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை. ஒரு சந்தோஷமான காலைப்பொழுதுக்காகப் போங்கள்.

அப்படியானால் மூன்று வயதுக் குழந்தை தன் ‘உம்’மை யாருக்குக் கொடுக்கிறது? பக்கத்தில் இருப்பவருக்கு. நான் இந்தப் பதிலை எழுதுவதே இதைச் சொல்லத்தான். தெரியாத இடத்தில் குழந்தை முதலில் பார்ப்பது தன் ஆளின் முகத்தை. இதற்கு 1985-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற பரிசோதனை உண்டு. ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி மேசைமேல் விட்டார்கள். கண்ணாடிக்கு அடியில் பள்ளம் இருப்பதுபோல் தெரியும். மறுபக்கம் அம்மா சிரித்த முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 பேர் தவழ்ந்து கடந்து வந்தார்கள். அம்மா பயந்த முகத்தோடு நின்றபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. பள்ளம் அதே பள்ளம்தான். மூன்று வயதில் இது மறைந்துவிடுவதில்லை. தடுப்பூசி போடும்போது நீங்களே பார்த்திருப்பீர்கள். திரையரங்கில் திரை ‘குதிங்க!’ என்று சொல்லும்போது உங்கள் மகள் ஒரு கணம் உங்களைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தக் கணத்தில் நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், குதிப்பது இங்கே தேவையில்லை என்று எடுத்துக்கொள்வாள். அவளையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தால், இங்கே ஏதோ சரியில்லை என்று எடுத்துக்கொள்வாள். நீங்கள் உட்கார்ந்தபடியே திரையைப் பார்த்து இரண்டு தட்டுத் தட்டினால் போதும்.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, அன்பினால் வருவதுதான். வீட்டுக்கு யாராவது வந்தால் ‘ஆன்ட்டிக்கு அந்த ரைம்ஸ் பாடிக் காட்டு’ என்று பிள்ளையை முன்னால் தள்ளுவோம். திரையரங்கில் அதன் இன்னொரு வடிவம் வரும்: ‘எழுந்து ஆடு, பாரு அந்தப் பாப்பா எப்படி ஆடுறா.’ தயவுசெய்து அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள். அது படத்தைப் பரீட்சையாக்கிவிடும். கூச்சம் உள்ள பிள்ளை அதைக் கேட்டதும் இன்னும் உள்ளே போய்விடும். அதற்குப் பதிலாக அவள் எதைப் பார்க்கிறாளோ அதைத் தமிழில் மெல்லச் சொல்லுங்கள். ‘பன்னிக்குட்டி சேத்துல குதிக்குது பாரு… தொப்பு!’ அவ்வளவுதான். வசனத்தையெல்லாம் மொழிபெயர்க்க வேண்டாம். அவள் கேட்பதற்கு இடம் விடுங்கள். கேள்வி கேட்டால் எங்கள் தொழிலில் மனசுக்குள் 10 வரை எண்ணச் சொல்வோம், அதற்குள் அடுத்த வார்த்தை பேசக்கூடாது என்று. திரை அத்தனை நேரம் காத்திருக்காது. பாட்டு முடிந்து அடுத்த காட்சி வந்த பிறகு அவள் உங்கள் காதில் வந்து ஏதாவது சொன்னால், அதுதான் அவளுடைய பதில். தாமதமாக வந்த பதில், தவறான பதில் இல்லை.

என் மகனுக்கு மூன்று வயதாக இருந்தபோது இப்படி ஒரு படத்துக்கு அழைத்துப் போனேன். சத்தம் மிக அதிகமாக வைத்திருந்தார்கள். கதவருகே இருந்த ஊழியரிடம் சொல்லியும் குறைக்கவில்லை. அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டான். அரை மணி நேரம்கூட இல்லை, வெளியே வந்துவிட்டோம். எனக்கு வருத்தமாக இருந்தது. மூன்று நாள் கழித்து நான் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் நடுக்கூடத்தில் நின்று அந்தப் படத்தில் வந்த கை அசைவுகளை வரிசை மாறாமல் செய்துகொண்டிருந்தான், பாட்டின் ஒரு வரியோடு. முகத்தைப் புதைத்திருந்தபோதும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். இதைத் தள்ளிவைத்த போலச்செய்தல் என்போம். பார்த்த அன்று செய்யாமல், பாதுகாப்பான இடத்துக்கு வந்து செய்வது. கூச்சமுள்ள பிள்ளைகளிடம் நான் இதை வாரந்தோறும் பார்க்கிறேன்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு மொழி ஒன்றும் நர்சரி மொழி வேறொன்றுமாக இருக்கும் பிள்ளைகளில் பலர், புது மொழியில் பேசத் தொடங்கும் முன் சில மாதம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆறு வாரம் என்பது அதில் தொடக்கம்தான். ஆங்கிலப் படத்தின் கேள்விக்குத் தமிழில் பதில் சொன்னாலும் அது முழுப் பதில்தான், திருத்த வேண்டாம். ஆங்கிலம் சீக்கிரம் வரட்டும் என்று வீட்டில் தமிழைக் குறைக்கவும் வேண்டாம். வீட்டில் தமிழ் பேசுவதால் பேச்சு தாமதமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதைத் தயக்கமில்லாமல் சொல்வேன்.

எப்போது கவலைப்பட வேண்டும்? திரையரங்கில் ஆடாததற்கு இல்லை. வீட்டில், தமிழில், உங்களோடு எப்படி இருக்கிறாள் என்று பாருங்கள். மூன்று நான்கு சொல் சேர்த்து வாக்கியமாகப் பேசுகிறாளா? தாத்தா பாட்டியிடம் வீடியோ அழைப்பில் பேசும்போது அவர்களுக்குப் பெரும்பாலும் புரிகிறதா? ஏதாவது பிடித்திருந்தால் உங்களிடம் கொண்டுவந்து காட்டுகிறாளா? பொம்மைக்குச் சோறு ஊட்டுவதுபோல் பாவனை விளையாட்டு உண்டா? முதுகுப் பக்கமிருந்து மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா? இவற்றில் எதற்காவது ‘இல்லை’ என்றாலோ, முன்பு பேசிக்கொண்டிருந்த சொற்கள் குறைந்துபோனாலோ, காத்திருக்காமல் உங்கள் ஹெல்த் விசிட்டரிடம் (சிறு பிள்ளைகளின் வளர்ச்சியைக் கவனிக்கும் செவிலியர்) சொல்லுங்கள். பல ஊர்களில் பேச்சுப் பயிற்சிப் பிரிவுக்கு நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம். காதைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வது இந்த வயதில் மிகச் சாதாரணம். வலி இருக்காது, ஆனால் பஞ்சு அடைத்ததுபோல் கேட்கும். டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்கிறாள், சளி பிடித்தால் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்றால் கேட்டல் சோதனை கேளுங்கள். வீட்டில் வாயாடி, நர்சரியில் பல மாதமாக ஒரு சொல்லும் இல்லை, தமிழ் தெரிந்த பிள்ளையிடம்கூட இல்லை என்றால் அது வேறு விஷயம். அதற்கும் உதவி இருக்கிறது, சீக்கிரம் கேட்பது நல்லது. நீங்கள் எழுதியதில் இவற்றில் எதற்கும் அறிகுறி எனக்குத் தெரியவில்லை. வீட்டில் நாள் முழுக்கப் பேசுகிறாள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

இனிப் படம். ‘பங்கேற்கும் படம்’ என்ற பெயரில் இரண்டு வகை வருகின்றன. டிக்கெட் எடுக்கும் முன் எது என்று பாருங்கள். ஒன்று, ஏற்கெனவே ஓடிய பெரிய படத்தைப் பாட்டு வரிகளோடு மறுபடி போடுவது. ‘ஃப்ரோசன்’ படத்தை 2014 ஜனவரி கடைசியில் அமெரிக்காவில் அப்படி வெளியிட்டார்கள். வரிகளின்மேல் ஒரு குறி துள்ளித் துள்ளிப் போகும். 1920-களிலேயே ஃப்ளைஷர் சகோதரர்கள் என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தயாரிப்பாளர்கள் துள்ளும் பந்தை வைத்துத் தொடங்கிய உத்திதான். இது படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கானது. அதோடு படம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், நடுவில் பயமுறுத்தும் காட்சிகளும் இருக்கும். மூன்று வயதுக்கு வேண்டாம் என்பேன். இன்னொன்று, பாலர்களுக்கென்றே கட்டிய படம். 2017-இல் இந்த நாட்டில் வந்த ‘பெப்பா பிக்: மை ஃபர்ஸ்ட் சினிமா எக்ஸ்பீரியன்ஸ்’ அப்படிப்பட்டது. மொத்தமே ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். சின்னச் சின்னக் கதைகள், நடுநடுவே நிஜ மனிதர்கள் வந்து பாடவும் ஆடவும் கூப்பிடுவார்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையதும் இந்த வகைதான். சின்னக் கதைகளாக இருப்பதில் பெரிய வசதி, எந்த இடத்தில் எழுந்து வந்தாலும் கதை பாதியில் அறுந்த ஏக்கம் இருக்காது.

நல்ல படமா என்று கண்டுபிடிக்க நான் ஒன்றைப் பார்ப்பேன்: எழச் சொல்வதோடு உட்காரவும் சொல்லித்தருகிறதா? மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆடத் தொடங்குவது சுலபம். நிறுத்துவதுதான் கடினம், தன்னை அடக்கும் திறன் அப்போதுதான் முளைவிடுகிறது. 2012 ஆகஸ்டில் அமெரிக்காவில் வந்த ‘ஊகிலவ்ஸ்’ என்ற படம் இதைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தது. திரையில் பட்டாம்பூச்சிகள் பறந்தால் எழுந்து ஆட வேண்டும், ஆமைகள் ஊர்ந்தால் உட்கார வேண்டும். ஆனால் அந்தப் படம் 2,160 திரையரங்குகளில் வெளியாகி முதல் வாரக் கடைசியில் ஏறத்தாழ 4,44,000 டாலர்தான் வசூலித்தது. அத்தனை அரங்குகளில் வெளியான படத்துக்கு அதற்குமுன் இல்லாத அளவுக்குக் குறைவு. கணக்குப் போட்டால் ஓர் அரங்குக்கு 200 டாலரைக் கொஞ்சம் தாண்டும், அதுவும் முழு வாரக் கடைசிக்கும் சேர்த்து. ஒவ்வொரு காட்சியிலும் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் படத்தின் தயாரிப்பாளருக்கு இந்த எண்ணமே, பெரியவர்கள் நிறைந்த ஓர் அரங்கில் எல்லோரும் திரையைப் பார்த்துக் குரல் கொடுத்ததைக் கண்டு பிறந்தது. அந்தக் கூட்டம்தான் அவருடைய படத்துக்கு வராமல் போய்விட்டது. காலியான அரங்கில் ஒரு அம்மாவும் ஒரு பிள்ளையும் மட்டும் எழுந்து ஆடுவது யாருக்கும் கஷ்டம். அதனால் கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை மதியக் காட்சியைத் தேட வேண்டாம். சனி அல்லது ஞாயிறு காலை, முக்கால்வாசி நிறைந்த காட்சிக்குப் போங்கள். உங்கள் மகள் ஆடாவிட்டாலும் முன் வரிசைப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்ப்பது அவளுக்குத் திரையைவிடப் பெரிய காட்சியாக இருக்கும்.

சத்தம். இதில் இரண்டு பயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும், காது கெட்டுவிடுமா என்பது ஒன்று, பயந்துவிடுவாளா என்பது மற்றொன்று. திரையரங்க ஒலியைச் சரிசெய்யும் தர அளவு ஓர் ஒலித்தடத்துக்கு 85 டெசிபெல். திடீர் ஒலிகள் அதற்கு மேல் 20 டெசிபெல்வரை எகிற இடம் உண்டு. படம் முழுக்க அந்த அளவில் ஓடும் என்று அர்த்தமில்லை, பல அரங்குகளில் அதைவிடக் குறைத்துத்தான் ஓட்டுகிறார்கள். ஹெட்போன் கருவிகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், குழந்தைகளுக்கு வாரத்துக்கு 75 டெசிபெல் அளவில் 40 மணி நேரம் என்று வரம்பு போட்டிருக்கிறார்கள். 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 87 டெசிபெல் என்றால் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். ஆக, எப்போதாவது பார்க்கும் ஒரு மணி நேரப் பாலர் படத்தால் காது கெடும் என்று நான் பயப்பட மாட்டேன். பயந்துவிடுவாளா என்பது நிஜமான கேள்வி. காது மூடி வாங்கிக்கொள்வது நல்லதுதான், ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறையாக மாட்டாதீர்கள். ஒரு வாரம் முன்பே வீட்டில் மிக்ஸி ஓடும்போது போட்டுப் பழகட்டும். இன்னொன்று, பெற்றோர் யோசிக்காதது: காது மூடி பேச்சையும் மங்கலாக்கும். ஏற்கெனவே புது மொழியைக் கூர்ந்து கேட்கும் பிள்ளைக்கு அது கூடுதல் சுமை. விளம்பரங்களும் முன்னோட்டங்களும் ஓடும்போது மாட்டுங்கள், படம் தொடங்கியதும் கழுத்தில் இறக்கி விடுங்கள், தேவைப்பட்டால் அவளே ஏற்றிக்கொள்வாள். உண்மையில் பல பிள்ளைகளை அழவைப்பது படமே இல்லை, திரையரங்குக் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரத்தின் சத்தம்தான். கையைத் துடைக்க ஒரு துணி கொண்டுபோங்கள்.

இங்கே வழக்கமான காட்சிகளில் படத்துக்கு முன்னால் 20 நிமிடமாவது விளம்பரம் ஓடும். மூன்று வயதின் பொறுமை அதிலேயே தீர்ந்துவிடும். விளக்கு எரியும்போதே உள்ளே கூட்டிப்போய் இடத்தைக் காட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, பிறகு வெளியே கூட்டி வந்து, படம் தொடங்கும் நேரத்துக்குத் திரும்புவதுதான் நான் பெற்றோர்களிடம் சொல்வது. எத்தனை நிமிடம் விளம்பரம் என்று டிக்கெட் கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள். நடைபாதை ஓர இருக்கை எடுங்கள், பின்பாதி வரிசையில், சுவரோரம் வேண்டாம்; பக்கச் சுவரில் ஒலிபெருக்கி இருக்கும். மடிப்பு நாற்காலியில் இலேசான பிள்ளை உட்கார்ந்தால் இருக்கை அப்படியே மேலே மடங்கி அவளை மடக்கிவிடும். அதில் பயந்த பிள்ளைகள் நிறைய. உயர்த்தும் இருக்கை கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மடிதான் சிறந்தது, அவள் உடம்பு இறுகுவதை நீங்கள் கண்ணால் பார்க்கும் முன்பே உணர்ந்துவிடுவீர்கள்.

பாப்கார்ன் கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பாப்கார்னும் முழு நிலக்கடலை, முந்திரி வகைகளும் மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்துள்ளவை. இருட்டில், வாயில் போட்டபடி குதிக்கச் சொல்லும் படத்தில், அந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. திராட்சை கொடுப்பதாக இருந்தால் நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள். ஒரு டப்பாவில் மெத்தென்ற இட்லித் துண்டுகளும் வாழைப்பழமும் போதும், அதையும் ஆட்டம் இல்லாத நேரத்தில்.

இந்த நாட்டில் யு சான்றிதழ் என்பது 4 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஏற்றது என்ற பொருளில் தரப்படுகிறது. 4-க்குக் கீழே உள்ள பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்று இல்லை; முடிவு உங்களுடையது. அவளுக்குச் சத்தமும் கூட்டமும் பொதுவாகவே ஒத்துக்கொள்ளாது என்றால், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஏற்றபடி நடத்தும் காட்சிகளைத் தேடுங்கள். பெரிய திரையரங்குக் குழுமங்கள் பலவற்றில் மாதந்தோறும் நடக்கின்றன. விளக்கைக் கொஞ்சம் எரியவிடுவார்கள், ஒலியைக் குறைப்பார்கள், விளம்பரம் இருக்காது, எழுந்து நடமாடலாம். மருத்துவச் சான்று எதுவும் கேட்பதில்லை. ‘அங்கே போனால் நம் பிள்ளைக்குப் பெயர் வந்துவிடுமோ’ என்று நம் குடும்பங்களில் தயங்குவார்கள். சிறு குழந்தைக்கு அது வசதியான காட்சி, அவ்வளவுதான்.

முந்தின வாரம் வீட்டிலேயே ஒருமுறை விளையாடிப் பாருங்கள். திரைச்சீலையை இழுத்து அறையை மங்கலாக்கி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, கிழித்த காகிதத்தை டிக்கெட்டாகக் கொடுத்து, அவளுக்குத் தெரிந்த அத்தியாயம் ஒன்றைப் போடுங்கள். படத்தில் வரும் பாட்டு இணையத்தில் கிடைத்தால் நான்கு நாள் சமையலறையில் ஓடட்டும். அந்த ஐந்து நாள் ஆய்வு இதைத்தான் சொல்கிறது. தெரிந்த பாட்டு அரங்கில் வரும்போது அவளுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருப்பதுபோல் இருக்கும். ‘பிடிக்கலைன்னா வெளியே வந்துடலாம், அம்மாவுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லை’ என்று முன்பே சொல்லிவையுங்கள், அப்படியே நடந்தும் காட்டுங்கள். காதைப் பொத்துகிறாள், முகத்தைப் புதைக்கிறாள், உடம்பு விறைக்கிறது என்றால் ‘இன்னும் கொஞ்ச நேரம்’ என்று இழுக்காதீர்கள். உடனே வீட்டுக்கும் கிளம்ப வேண்டாம். கதவருகே உள்ள நடையில் தூக்கிக்கொண்டு நில்லுங்கள். அங்கிருந்து திரை சின்னதாகத் தெரியும், வெளிச்சம் இருக்கும், ஓடிப்போக வழி தெரியும். பல பிள்ளைகள் அங்கிருந்தே மீதிப் படத்தைப் பார்த்துவிடுவார்கள், தோளில் தாடையை வைத்தபடி. அதுவும் போதவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள்.

எட்டு மாதக் கைக்குழந்தையையும் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அவனை அவன் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போங்கள். அந்த ஒரு மணி நேரம் உங்கள் இரண்டு கையும் மடியும் அவளுக்கு வேண்டும்.